வாசலில் நின்ற கழுதை

ராணுவம் காலி செய்துவிட்டுப் போன தீவுக்கு, முட்டையிட இடம் தேடி ஓர் ஆலாப் பறவை வந்தது. முகாம் வாசலில் எலும்பும் தோலுமாக ஒரு கழுதை நின்றது. முன்பு சிப்பாய்களுக்குத் தண்ணீர் சுமந்த கழுதை அது.

"அனுமதி இல்லாம உள்ளே போகக் கூடாது," என்றது கழுதை.

"யார் குடுப்பாங்க?" என்று கேட்டது ஆலா.

"பெரிய அதிகாரி. அவர் கப்பலேறிப் போய் ஒன்பது வருஷமாச்சு."

ஆலா உள்ளே எட்டிப் பார்த்தது. மைதானம் முழுக்கப் புல் பச்சைப்பசேலென்று வளர்ந்து கிடந்தது.

"இவ்வளவு புல் இருக்கே அண்ணே, நீங்க ஏன் மேயலை?"

"எனக்கும் அனுமதி இல்லையே."

ஆலாவுக்கு முட்டை முட்டிக்கொண்டு வந்தது. "இனி என்னால தாங்க முடியாதுண்ணே," என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று உள்ளே நடந்தது.

கழுதை முகத்தைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டது. பார்த்துவிட்டால் தடுக்க வேண்டியிருக்கும்.