கத்தரிக்காய்க்கு ஒரு மில்லியன்

“அம்மாவின்ரை தலை நல்லாத்தான் வேலை செய்யுது, நிசாந்தி. அடுத்த மாதத்திலையிருந்து நீங்கள் ஒரு நாளைக்கு ரெண்டு மணித்தியாலம் வந்தால் போதும்.”

நிசாந்தி பார்த்துக்கொள்ளும் சின்யோராவின் மகன், மிலானிலிருந்து வந்திருந்தவன், குசினியில் நின்றபடி கோப்பியைக் குடித்துக்கொண்டே சொன்னான்.

நிசாந்தி கழுவிய பீங்கானைத் திரும்பவும் கழுவினாள். வவுனியாவில் தமக்கையோடு இருக்கும் மகள் அபிதாவை இத்தாலிக்குக் கூப்பிட அடுத்த கிழமை பத்திரங்கள் கொடுக்கவேண்டும். முழுநேர வேலை என்று கையெழுத்து வைத்த கொன்ராத்தோ, வேலை ஒப்பந்தம், இல்லாமல் விண்ணப்பத்தை வாங்கவே மாட்டார்கள்.

“என்ரை மகளின்ரை அலுவல் ஒண்டு கிடக்குது, சின்யோரே...”

“விளங்குது. ஆனால் தேவையில்லாத வேலைக்கு நான் முழுச் சம்பளம் கட்டேலாதுதானே?”

அவன் சொன்னதில் பிழை இல்லை. அதுதான் அவளுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

பத்து மணிபோல மூன்று பேரும் பலெர்மோ நகரத்தின் பல்லாறோச் சந்தைக்குப் போனார்கள். சின்யோரா எமிலியானாவுக்கு எண்பத்திரண்டு வயது. வெனிசுவேலாவில், கரகாஸ் நகரத்தில், நாற்பது வருடம் பலசரக்குக் கடை நடத்தியவர். அங்கே கடைசியாகக் காசை மாற்றியபோது கடையையும் பூட்டிக்கொண்டு பிறந்த ஊருக்குத் திரும்பியவர். பத்துச் சதம் பிசகினாலும் பிடித்துவிடுவார் என்று சந்தை முழுக்கத் தெரியும்.

மரக்கறிக் கடையில் பத்து வருடமாக வேலை செய்யும் கபிலன் கத்தரிக்காயை நிறுத்துக்கொண்டே தமிழில் கேட்டான்.

“என்னக்கா, முகம் வாடிப்போய்க் கிடக்குது?”

“வேலை போகப்போகுது, கபிலன். மனிசி சுகமா இருக்கிறா, ஆள் தேவையில்லையாம்.”

கபிலன் நாக்கைச் சப்புக்கொட்டிவிட்டு இத்தாலிய மொழிக்கு மாறினான். “மூண்டு யூரோ, சின்யோரா.”

சின்யோரா கைப்பையைத் திறந்து ஒரு தாளை நீட்டினார்.

“மிச்சத்தை நீயே வைச்சிரு.”

கபிலன் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். ஒன்றுக்குப் பின்னால் ஆறு சைபர்.

“அக்கா, உங்கடை சின்யோரா என்னை மில்லியனர் ஆக்கிப்போட்டா!”

“மம்மா! இது வெனிசுவேலாக் காசு!” மகன் தாளைப் பறித்தான்.

“காசு காசுதானே? ஒரு மில்லியன் பொலிவார். இவன்ரை முழுக் கடையையும் வாங்கலாம்.”

“அது செத்த காசு, மம்மா. விலைவாசியை அடக்கிறம் எண்டு சொல்லி, சைபரை வெட்டிப்போட்டுப் புதுக் காசு விட்டவங்கள். நீங்கள்தானே எனக்கு அந்தக் கதையைச் சொன்னனீங்கள்!”

“நானோ? எப்ப? என்ரை காசைச் செல்லாது எண்டு சொல்ல நீ ஆர்?”

குரல் உயர்ந்தது. ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள். எதிர்க் கடை மீன்காரன் கத்தினான். “சின்யோரா, எனக்கும் ஒரு தாள் தாங்கோ! கடையைப் பூட்டிப்போட்டு மொண்டெல்லோக் கடற்கரையிலை போய்ப் படுக்கிறன்!”

சிரிப்பு எழுந்தது. ஒருத்தி நெற்றிப் பொட்டில் விரலை வைத்துச் சுழற்றிக் காட்டினாள். சின்யோராவின் காது மடல்கள் சிவந்துபோயின.

நிசாந்தி தன் பேர்சிலிருந்து மூன்று யூரோவை எடுத்துத் தராசுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

“பேர்சை மாறி எடுத்திட்டா, சின்யோரே. வேறை ஒண்டுமில்லை. காலமை மருந்துகூடத் தானே பாத்துப் போட்டவ.”

“அக்கா, உங்களுக்கென்ன விசரே?” கபிலன் தமிழில் முணுமுணுத்தான். “மனிசிக்கு மறதி எண்டால்தான் உங்கடை வேலை நிக்கும். பேசாமல் நில்லுங்கோ.”

“நீ வாயை மூடு. நாலு பேருக்கு முன்னாலை அவவை விசராக்கித்தான் என்ரை பிள்ளை வரவேணுமெண்டால், அப்பிடி வரத் தேவையில்லை.”

மகன் நிசாந்தியை உற்றுப் பார்த்தான். “முந்தியும் இப்பிடி நடந்ததோ? மறைக்காமல் சொல்லுங்கோ.”

“ஒருநாளும் இல்லை. சத்தியமா.”

“நீங்கள் அவவைக் காப்பாத்தப் பாக்கிறீங்கள். எனக்கு விளங்குது.”

வீடு வரும்வரை அவன் தாயின் கையை விடவில்லை. பின்னேரம், விமானத்துக்குப் புறப்படுமுன், கொன்ராத்தோவில் முழுநேரம் என்று எழுதிக் கையெழுத்தும் வைத்தான்.

“தனிய மட்டும் விடாதேங்கோ,” என்றான் வாசலில். கண் கலங்கியிருந்தது.

கேட்டது கிடைத்தும் நிசாந்தியால் சந்தோசப்பட முடியவில்லை. குசினிக்குள் போனாள். சின்யோரா கத்தரிக்காயை மெல்லிய வட்டங்களாக வெட்டிக்கொண்டிருந்தார். அவள் கதிரையை இழுத்துப் பக்கத்தில் இருந்து, குழந்தைக்குச் சொல்வதுபோல மெதுவாகச் சொன்னாள்.

“சின்யோரா, அந்தத் தாளுகளை இனி என்னட்டைத் தாங்கோ, நான் வைச்சிருக்கிறன். அது இப்ப செல்லாது. அங்கை ஆறு சைபரை வெட்டிப்போட்டினமாம்.”

“ஆறில்லை. பதினாலு.”

கத்தி நிற்கவில்லை.

“முதல் மூண்டு, பிறகு அஞ்சு, கடைசியாத்தான் ஆறு. ஒவ்வொருமுறையும் விடிய எழும்பிக் கடை விலைப்பலகையை அழிச்சு எழுதினது நான். காலமை நீங்கள் இஞ்சை நிண்டு கதைச்சது எனக்குக் கேக்கேல்லை எண்டு நினைச்சியே?” சின்யோரா வெட்டிய துண்டுகளுக்கு உப்பைத் தூவினார். “அவனுக்கு உண்மையை நானே பிறகு சொல்லுறன். முதல் உன்ரை பிள்ளை வந்து சேரட்டும்.”