நாலு நிமிடம்

ஏரியை ஒட்டிப் போய்க் குன்றேறி டவுனில் இறங்கும் ஜல்லிப் பாதையில் இருபது வருடமாகப் பால்கேனோடு சைக்கிள் மிதிக்கிறேன். அதே பாதைக்கு டாக்டர் ரவிச்சந்தருக்குத் தலைக்கவசம், தொடையைக் கவ்வும் டவுசர், ஞாயிறானால் பின்னால் பன்னிரண்டு சீடர்கள். மற்ற நாட்களில் அவருக்காக மிதிப்பதும் நான்தான். தன் செல்போனை என் ஹேண்டில்பாரில் கட்டிவிட்டுக் காரில் டவுனுக்குப் போய்க் காத்திருப்பார். அவர் சைக்கிள் கார்க்கூரைமேல் சவாரி போகும். போன வழி, நின்ற நேரம் எல்லாம் செல்போன் குறித்துக்கொள்ள, என் வியர்வை அவர் பெயரில் கோடாக அதன் வரைபடத்தில் விழும். சீடர்கள் அதைத் தங்கள் போனில் பார்த்துச் சிலிர்ப்பார்கள்.

ஒரு ஞாயிறு, நான் டீக்கடைக்குப் பால் ஊற்றும்போது சீடர் ஒருவர் கேட்டார்: “சார், தெனமும் ஏரிப் படித்துறையில நாலு நிமிஷம் நிக்கிறீங்களே, எதுக்கு?”

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் கேனைப் பார்த்தேன்.

“தியானம்” என்றார்.

அதிலிருந்து ஞாயிறுதோறும் பதின்மூன்று முண்டங்களும் படித்துறையை அடைத்துக் கண்மூடி உட்கார்ந்திருக்கின்றன. நான் இறங்க வழியில்லை. கேனைத் திறக்காமலே போய்விடுகிறேன்.

நேற்று டாக்டர் வீட்டம்மாவே கேட்டுவிட்டார்: “ஞாயித்துக்கெழமப் பால் மட்டும் எப்படிப்பா இவ்வளவு கெட்டியா இருக்கு?”