புலிக்குக் கிடைத்த பால்

ஒரு தகர டப்பாவுக்குள் விளையாட்டுச் சீட்டுகள் சில குடியிருந்தன. எல்லாருடைய நெற்றியிலும் 'மிருகம்' என்றே அச்சடித்திருந்தது. ஆனாலும் புலிச் சீட்டு, பூனைச் சீட்டின் பக்கத்தில் படுக்காது. "பார்க்கிறவங்க நம்மளைச் சொந்தம்னு நினைச்சுக்குவாங்க" என்று சொல்லிவிடும்.

ஒருநாள் புதுச் சீட்டுகள் வந்தன. கூடவே புது விதியும் வந்தது. புலி, பூனை, சிறுத்தை மூன்றும் இனிமேல் 'பூனை இனம்'. பழைய சீட்டில் என்ன அச்சடித்திருந்தாலும் இதுதான் கணக்காம்.

புலிக்கு மானமே போய்விட்டது. "புலி இனம்னு வைக்கக் கூடாதா? நான் மிருகமாவே இருந்துக்கிறேன்" என்றது.

"உன் இஷ்டம் தம்பி" என்றது பூனை.

மறுநாள் ஆட்டத்தில் புலிக்கு எதிரே யானைச் சீட்டு வந்து நின்றது. அதற்குப் பலம் அதிகம். தோற்கிற சீட்டு எதிராளியின் டப்பாவுக்குப் போய்விட வேண்டும், திரும்பி வர முடியாது. புலி மனசுக்குள் சாமியைக் கூப்பிட்டது.

அப்போது புதிதாக வந்த பால் கிண்ணச் சீட்டு மெதுவாகக் கேட்டது: "நான் பூனை இனத்துக்கு மட்டும்தான் பலம் கொடுப்பேன். இங்கே யாராவது இருக்கீங்களா?"

புலி பூனையைத் திரும்பிப் பார்த்தது. பூனை வேறெங்கோ பார்த்துக்கொண்டு, "ஆறிடப் போகுது, குடி" என்றது.

புலி ஒரே மடக்கில் குடித்தது. யானை தோற்று, இந்த டப்பாவுக்கே வந்து சேர்ந்தது.

அது உள்ளே வந்து உட்காருவதற்குள், மீசையில் பால் காயாத புலி சொன்னது: "எங்ககிட்ட மோதலாமா? நாங்க பரம்பரை பரம்பரையா பூனை இனம்."