மூட மறுத்த பிரவுசர்

ஒரு கணினியில் ஒரு பிரவுசரும், அதற்குள் எழுத்துப்பிழை திருத்தும் பிளக்-இன் ஒன்றும் குடியிருந்தன. பிளக்-இன்னின் புதிய பதிப்பு வந்து இறங்கி ஒரு மாதம் ஆகியும் அது பழையபடியே இருந்தது.

"இந்த வாரத்துக்குள்ள மாறலேன்னா உன்னைத் தூக்கிடுவேன்," என்றது பிரவுசர்.

"நீங்க ஒரு தடவை மூடித் திறந்தாத்தான் அண்ணே நான் மாற முடியும்."

"நாற்பது டேப் திறந்து வெச்சிருக்கேன். உனக்காக மூடணுமா?"

மறுநாள் கரண்ட் போய்க் கணினி அணைந்தது. திரும்ப வந்தபோது பிளக்-இன் புத்தம்புதிதாக நின்றது.

"பார்த்தியா, நான் திட்டினதாலதான் உருப்பட்டே," என்றது பிரவுசர்.

பிளக்-இன் தயங்கியது. "அண்ணே, இனிமே உங்ககிட்ட நான் வேலை செய்ய முடியாதாம். உங்க பதிப்பு ரொம்பப் பழசாம். நீங்களும் மாறணுமாம்."

"அதெல்லாம் நாளைக்குப் பார்க்கலாம்," என்றது பிரவுசர்.