உட்கார்ந்து படிக்கிற பாடம்

"மார்க் ரொம்பக் குறைச்சலா இருக்கே," என்றார் இலக்கியத் துறைப் பேராசிரியை, மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து.

தங்கை வாய் திறப்பதற்குள் அக்கா முந்திக்கொண்டாள். சட்டம் படிப்பவள். வாதாடுவது அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு.

"படிக்காம குறையல மேடம். இவளுக்கு மூட்டு வியாதி. காலையில விரலெல்லாம் வீங்கி மடங்கவே மடங்காது. மதியம்தான் கொஞ்சம் இளகும். பரீட்சை வைக்கிறதோ காலையில. விடை தெரியும், பேனா பிடிக்க முடியல. அதுக்கு இவ என்ன பண்ணுவா?"

ஆஸ்பத்திரி ஃபைலை மேஜைமேல் வைத்தாள். தலையணை மாதிரி இருந்தது. பேராசிரியை அதைத் திறக்கக்கூட இல்லை. ஒரு விரலால் ஓரமாகத் தள்ளினார்.

"சீட்டு யாருக்கு?"

"என் தங்கைக்கு."

"அப்ப நீ வெளியே இரும்மா."

"அவளுக்குப் பேச வராது மேடம், நான்தான்..."

"கதவைச் சாத்திட்டுப் போ."

வெளியே அக்காவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. பெஞ்சில் உட்கார்ந்தாள், எழுந்தாள், மறுபடி உட்கார்ந்தாள்.

"ஃபைலைப் பிரிச்சுக்கூடப் பார்க்கலையே. இவங்க எல்லாம் இலக்கியம் சொல்லிக்கொடுத்து யார் மனசு உருகப்போகுது?" என்று வாசலில் இருந்த பியூனிடம் பொரிந்தாள்.

"தண்ணி குடிக்கிறியாம்மா?" என்றார் அவர்.

சற்று நேரத்தில் ஒரு வழுக்கைத் தலைக்காரர் அவசரமாக உள்ளே போனார். ஒருத்தர் குடைவது போதாதென்று துணைக்கு ஆள் வேறா?

கதவுக் கண்ணாடி வழியே எட்டிப் பார்த்தாள். தங்கை கரும்பலகை முன்னால் நின்று எழுதிக்கொண்டிருந்தாள். அந்த விரல்களால்.

அக்கா அனுமதி கேட்காமலே உள்ளே நுழைந்தாள்.

"பேனா பிடிக்க முடியாதவளை நிக்க வச்சு போர்டுல எழுத விடுறீங்களே, நெஞ்சுல கொஞ்சமாவது ஈரம் இருக்கா உங்களுக்கு?"

"வாயால சொன்னாப் போதும்னுதான் சொன்னேன்," என்றார் பேராசிரியை. "மதியமாச்சு, கை வருது, படம் போட்டாத்தான் உங்களுக்குப் புரியும்னு இவதான் சாக்பீஸை எடுத்துக்கிட்டா."

பலகையில் ஒரு லென்ஸ். அதற்குள் நுழைந்து வளைந்து போகும் ஒளிக்கோடுகள். பக்கத்தில் கணக்கு.

"இது இயற்பியல் ஆச்சே?"

"ஆமா. இலக்கியத்துல என்ன பிடிக்கும்னு கேட்டேன், திருதிருன்னு முழிச்சா. சரி, எதுதான் பிடிக்கும்னு கேட்டேன். அப்புறம் நிறுத்தவே முடியல. எனக்கு ஒண்ணும் புரியாமத்தான் இயற்பியல் துறைத் தலைவரையே கூப்பிட்டேன்."

அக்கா விடவில்லை. "அதுக்கு லேப்ல நிக்கணும் மேடம். இவளால ஆகாது. அதான் உட்கார்ந்து படிக்கிற பாடமாப் பார்த்து உங்க துறைக்கு எழுதிப் போட்டேன்."

"ஓஹோ. என் துறை என்ன, நோயாளிங்க வார்டா?"

வழுக்கைத் தலைக்காரர் பலகையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்: "எங்க லேப் மதியம்தான். ஸ்டூலும் இருக்கு. என் துறையிலயே சேர்ந்துக்கட்டும்."

"மார்க் கம்மியா இருக்கே சார்." அக்காவின் வாயிலிருந்துதான் வந்தது.

"இதோ, எதிர்ல எழுதியிருக்கே. இதைவிடவா?"

வராந்தாவில் அக்கா கடைசித் தூண் வரை நடந்தாள். பிறகு நின்றாள்.

"இவ்வளவு ஆசையை மனசுல வச்சுக்கிட்டு எங்கிட்ட ஏன்டி ஒரு வார்த்தை சொல்லல?"

தங்கை விரல்களில் படிந்திருந்த சாக்பீஸ் தூளை ஊதினாள்.

"நீ வலிக்குதான்னு மட்டும்தானே கேப்பே, அக்கா."