பழைய தேடுதளம்

"அண்ணி, நாங்கள் இணையத்தில தேடுற தளத்தை இந்த மாதத்தோட மூடப் போகினமாம்," என்றான் தவச்செல்வன்.

2009 போரில் காணாமல்போன அண்ணனின் பெயரை, வெள்ளிதோறும் அந்தப் பழைய தளத்தில்தான் தட்டுவான். ஒன்றும் வராது.

"ஒண்டும் இல்லையெண்டால் உயிரோட இருக்கிறார்," என்று சொல்லி, அண்ணி குங்குமம் வைத்துக்கொண்டு சுவிஸின் பேர்ன் நகரக் கோயிலுக்குப் புறப்படுவார்.

இன்றும் கண்ணாடியில் பொட்டைச் சரிபார்த்தபடி கேட்டார்.

"அப்ப கூகிளில தேடுங்கோ தம்பி. எல்லாரும் அதிலதானே தேடுகினம்?"

"அது சரிவராது அண்ணி."

"ஏன்?"

அவன் பழைய தளத்திலேயே அண்ணனின் பெயரைத் தட்டத் தொடங்கினான்.

கூகிளில் அவன் நான்கு வருடங்களுக்கு முன்பே தேடிவிட்டான். முதல் வரியிலேயே அண்ணனின் பெயர் இருந்தது, இறந்தவர்களின் பட்டியலில்.