தகடு தந்த கதகதப்பு

பிஷ்கெக்கில் பனி கொட்டிக்கொண்டிருந்தது. தூய எரிசக்தி அறக்கட்டளைக்குள் நுழைந்த நன்கொடையாளர் ஹென்ரிக் கோட்டைக் கழற்றினார்.

“உள்ளே என்ன கதகதப்பு!”

“எல்லாம் கூரைமேல இருக்கிற சூரியத் தகடுதாங்க,” என்று பல்லிளித்தார் இயக்குநர் தலாய்பெக்.

உதவியாளர் பெர்மெத் டீ கொண்டுவந்தாள்.

“நீயும் உட்காரும்மா,” என்றார் ஹென்ரிக்.

தலாய்பெக் பதறினார். “அவளுக்குக் கீழ வேலை கிடக்குங்க!”

“விருந்தாளி பேச்சைத் தட்டலாமாண்ணே?” என்று பெர்மெத் சாவகாசமாக உட்கார்ந்தாள். கிண்ணம் கிண்ணமாக டீ குடித்தாள்.

அறை சில்லிட்டது. ஹென்ரிக் மறுபடி கோட்டை மாட்டினார்.

“எந்திரிச்சுப் போடி!” தலாய்பெக் பல்லைக் கடித்தார்.

அவள் சத்தமாகவே கேட்டாள்:

“அண்ணே, உங்க சூரியனுக்கு எத்தனை வாளி நிலக்கரி போடட்டும்?”